மறுப்பு வராத அட்டவணை

“அப்போ யாருக்கும் மறுப்பு இல்லையே? முடிச்சிரலாமா?” என்றார் வீடியோ கூட்டத்தை நடத்துகிறவர்.

அவள் மின்னஞ்சலை இன்னொரு தடவை திறந்து பார்த்தாள்.

பல ஊர்க்காரர்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து ஒரு கணினி நிரல்மொழியைச் செய்யும் குழு அது. அந்த மொழியை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அடுத்த பதிப்பு என்றைக்கு வர வேண்டும், அதற்குள் எதெது முடிய வேண்டும் என்று அட்டவணை போடுவது அவள் பொறுப்பு. அதனால் குழுவில் அவள் பெயர் ‘காலண்டர்’. சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. அங்கே எல்லோருக்கும் பட்டப்பெயர்தான்.

அட்டவணையைக் குழு மின்னஞ்சலில் போட வேண்டும். ஒரு வாரம் யாரும் மறுக்காவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். ஓட்டெடுப்பெல்லாம் கிடையாது. வாயைத் திறக்காதவர் ஒப்புக்கொண்டவர்.

இந்த முறை ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. குப்பைக்காரர்கூட.

நிரல் ஓடும்போது கணினியின் நினைவகத்தில் சேரும் குப்பையை அள்ளும் பகுதி அவருடையது. பெயர் அப்படி வந்ததுதான். மனுஷன் லேசுப்பட்டவரில்லை. அவள் போட்ட எந்த அட்டவணையையும் சும்மா விட்டதில்லை. சோதனைக்கு நாள் போதாது என்பார். ஞாயிற்றுக்கிழமை வெளியிட்டுவிட்டு, உடைந்தால் உங்கள் தாத்தாவா வந்து ஒட்டுவார் என்று கேட்பார்.

அவளும் லேசுப்பட்டவளில்லை. ஒவ்வொரு தடவையும் வேண்டுமென்றே ஒரு தப்பை விட்டுவைப்பாள். அதைப் பார்த்ததும் அவர் வரிந்துகட்டிக்கொண்டு வந்துவிடுவார். இந்தத் தடவை சோதனைக்கு நாளே ஒதுக்கவில்லை. சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். மற்றவர்கள் எங்கே படித்தார்கள்? குப்பைக்காரர் பார்த்துக்கொள்வார் என்ற தைரியம் அவர்களுக்கு.

கிழவர் நம்மை விட்டுவிட்டார், அப்பாடா என்று திரையில் யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

அவளால் சிரிக்க முடியவில்லை. வாரம் முழுக்க விடிந்ததும் மின்னஞ்சலைத்தான் திறந்தாள். ஊருக்குப் போயிருப்பார், காய்ச்சலாக இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். போன வருஷம் காய்ச்சலில் படுத்துக்கொண்டே நாலு பக்கத்துக்குத் திட்டி எழுதிய ஆள் அவர்.

“நான் மறுக்கறேன்,” என்றாள்.

போட்டவளே மறுக்கிறாளே என்று எல்லோரும் திருதிருவென்று விழித்தார்கள். அவள் கேமராவை அணைத்துவிட்டு போனை எடுத்தாள்.

குப்பைக்காரரின் எண் குழுவில் யாரிடமும் கிடையாது. அவளிடம் இருந்தது. தன் கல்யாணச் சண்டைக்குப் பிறகு ஒருநாளும் அதை அழைத்ததில்லை. இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடு, எடுத்துத் திட்டு என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

எடுத்தது அவரில்லை. அம்மா.

“ஆஸ்பத்திரியில இருக்கோம்டி. லேப்டாப்பைக் கொண்டா, நான் எதுவும் எழுதலைன்னா பொண்ணு பயந்துடுவான்னு நேத்துவரைக்கும் ஒரே அடம் உங்கப்பா.”

அவள் போனைக் காதில் வைத்தபடியே செருப்பை மாட்டினாள்.

“இன்னைக்கு எதுவுமே கேக்கல,” என்றாள் அம்மா.