ஹெஸ்டரின் ராஜினாமா

"அப்பா, வேலையை விட்டுப் போறவங்க அதை உங்ககிட்ட சொல்லாம ஏன் டிவில சொல்றாங்க?" என்று மகள் மேபல், அப்போது பிரதமராக இருந்த ஆல்டனிடம் ஒருநாள் கேட்டாள். அந்த வாரம் அமைச்சர்கள் விலகியதையெல்லாம் அவரும் டிவியில்தான் தெரிந்துகொண்டார். கடைசியில் நிதியமைச்சர் ஹெஸ்டரும் விலக, ஆல்டனின் பிரதமர் பதவியே போனது.

இப்போது அவர் வெறும் எம்.பி. கட்சியின் புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்கும் ரகசிய வாக்கெடுப்புக்காக வரிசையில் நின்றார்.

"ஹெஸ்டருக்குப் போட்டி இழுபறிதானாம். எல்லார் காலையும் பிடிக்கிறா," என்று பின்னால் நின்ற இளம் எம்.பி. கிளைவ் சிரித்தான். "உங்ககிட்ட வந்தாளா?"

"வரலையேப்பா."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வருவா? உங்களைக் கவுத்ததே அவதானே!"

ஆல்டன் வரிசையில் ஓரடி முன்னே நகர்ந்தார். விலகிய அன்று ஹெஸ்டர் மட்டும்தான், நிருபர்கள் கண்ணில் படாமல் பின்வாசல் வழியாக அவரைத் தேடி வந்திருந்தாள். "ஆல்டன், நான் விலகறேன். இதை நீங்க டிவி பார்த்துத் தெரிஞ்சுக்கக் கூடாது," என்றாள். தானே தேநீர் போட்டுக் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை உடன் உட்கார்ந்திருந்தாள்.

அவர் முறை வந்தது. மறைப்புக்குள் போய், மனதுக்குள் அவளுக்காக ஒரு ஜெபம் சொல்லிவிட்டு, ஹெஸ்டரின் பெயருக்கு எதிரே பென்சிலால் குறியிட்டுச் சீட்டை மடித்தார்.