65536-ஆம் நம்பர் மாரிக்கனி

"உள்ள போய் என்ன பண்ணுன?"

லேப் பொறுப்பாளர் சௌந்தரம் மாரிக்கனியை நிறுத்திவைத்துக் கேட்டாள்.

அருப்புக்கோட்டைக்கு வெளியே இருக்கும் அந்தக் காலேஜில் மார்க், வருகைப் பதிவு எல்லாமே ஒரே ஒரு பழைய சர்வரில். அதை முழுசாகத் திறக்கும் அதிகாரம் சௌந்தரத்துக்கு மட்டும்தான். நேற்று மத்தியானம் அதே அதிகாரத்தோடு யாரோ இருபது நிமிஷம் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். பதினோராவது சீட்டிலிருந்து. அது மாரிக்கனியின் சீட்டு.

"முதல் வருஷம்! அதுக்குள்ள பாஸ்வேர்டைத் திருடுற அளவுக்குத் தேறிட்ட. பிரின்சிபால் காதுக்குப் போனா இன்னிக்கே டி.சி.தான், தெரியுமா?"

"திருடல மேடம். என் நம்பரைப் போட்டுத்தான் போனேன். எல்லாமே தொறந்துக்கிருச்சு."

"தானாத் தொறந்துச்சாக்கும்! நம்பரைச் சொல்லு."

"அறுபத்தஞ்சாயிரத்து ஐநூத்தி முப்பத்தாறு."

கத்த வாயெடுத்த சௌந்தரம் அப்படியே நிறுத்தினாள்.

அந்தப் பழைய மிஷின் 65535 வரைக்கும்தான் எண்ணும். மேலே ஒன்று கூட்டினால், ஓடித் தேய்ந்த பைக் மீட்டர் மாதிரி சுற்றிவந்து பூஜ்யத்தில் நிற்கும். அங்கே பூஜ்யம்தான் முதலாளியின் நம்பர், அதாவது முழு அதிகாரத்தின் நம்பர். எந்தப் பூட்டும் அதைத் தடுக்காது.

ரோல் நம்பரையே கம்ப்யூட்டருக்கும் போட்டுவிட்டால் வேலை மிச்சம் என்று பதிந்தது வேறு யாருமில்லை, சௌந்தரமேதான். திருச்சுழி பஸ்ஸில் வருகிற பிள்ளை கையில் மொத்தச் சாவிக்கொத்தையும் தூக்கிக் கொடுத்திருக்கிறாள்.

குரல் இறங்கியது. ஆனாலும் விட மனசில்லை. மார்க் ஃபைலைத் திறந்தாள். மாரிக்கனிக்கு மேத்ஸில் இருபத்தஞ்சுக்கு ஒன்பது. நேற்றும் ஒன்பது, இன்றும் ஒன்பது.

"ஒன்பது வாங்கிட்டு எப்படித்தான் வீட்டுல முகத்தைக் காட்டுறீங்களோ! ஏன்டி, ஒரு ரெண்டு மார்க் கூட்டிக்கக்கூடவா தோணல?"

"தோணுச்சு மேடம். கை வரல."

"அப்ப இருபது நிமிஷம் என்னதான் பண்ணுன?"

"ஒரு ஃபோல்டரு யாரு வேணாலும் படிக்கிற மாதிரி தொறந்து கெடந்துச்சு. அதுக்குச் சொந்தக்காரவுக மட்டும் பாக்குற மாதிரி பூட்டுனேன். நீங்க கிளாஸ்ல சொல்லிக்குடுத்தது எனக்கு மறந்துபோச்சு. நோட்டைப் பாத்துப் பாத்துப் போட இம்புட்டு நேரமாயிருச்சு."

"யாரு ஃபோல்டரு?"

"உங்களோடது மேடம்."

சௌந்தரம் திறந்திருந்த மார்க் ஃபைலைச் சட்டென்று மூடினாள். அவளுடைய ஃபோல்டருக்குள் இருந்தது ஒரே ஒரு ஃபைல். பிஎச்.டி. நுழைவுத் தேர்வில் மூன்றாவது தடவையாக அவள் கோட்டைவிட்ட மார்க் ஷீட்.

"நீ... பாத்தியா?"

மாரிக்கனி வாசல் பக்கம் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அடுத்த தடவை பாஸாயிருவீங்க மேடம்."