கதவைத் தட்டும் பாட்டு

லாரிக்காரர் வாசற்கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் மாட்டிக்கொண்டிருந்தார். கித்தாரைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போன மருமகன் சாயங்காலம் திரும்பி வருகிறானாம். வரட்டும், கதவு பதில் சொல்லும்.

ஆள் வருவதற்கு முன்னால் அவன் பாடிய ஆல்பம் போனில் வந்துவிட்டது. எல்லாப் பாட்டும் சேர்ந்து ஒரே கதை. ஒரு லாரி டிரைவர் பெண்டாட்டியை விட்டுவிட்டுப் போகிறான், ஊர் ஊராகச் சுற்றுகிறான், திரும்பி வருகிறான். அமெரிக்காக்காரன் கித்தாரோடு பாடும் கன்ட்ரி பாட்டாம், அதிலும் புது மாதிரியாம். மூக்கால் அழுதிருந்தான்.

கூடத்தில் மகள் போனை மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"லோடோட டாப் கியர்ல மேடு ஏறுறானாம்! பின்னால இவங்கப்பனா தள்ளுறான்?"

"கொஞ்சம் சும்மா இருங்கப்பா."

"ஸ்டியரிங்கத் தொட்டுக்கூடப் பாக்காத பய. இவனுக்கு எதுக்கு லாரி?"

நடுவில் ஒரு பாட்டில் மழை. வைப்பர் ஒரு பக்கம்தான் ஓடுகிறது. பாதி ரோட்டைப் பார்த்தே டிரைவர் ஓட்டிக்கொண்டு போகிறான். லாரிக்காரரின் கை அந்தப் பாட்டு முடியும்வரை அசையவில்லை.

"இது ஒண்ணு தேறும்" என்றார். "யாருகிட்டயோ கேட்டு எழுதிருக்கான், திருட்டுப்பய."

அடுத்ததில் டிரைவர் தெருமுனைக்கு வந்துவிட்டான். வீட்டு நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறது.

"புளுகு! அத்தன வருசம் கழிச்சு வந்தா நாய் வாலாட்டாது. நேரா கெண்டக்காலத்தான் கவ்வும்."

மகள் சிரித்துவிட்டாள். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

கடைசிப் பாட்டில் அவன் கதவைத் தட்டுகிறான். தட்டிக்கொண்டே இருக்கிறான். யாராவது திறந்தார்களா என்று சொல்லாமலே கித்தார் நின்றுபோனது.

"முடிக்கத் தெரியல பாரு, துப்புக்கெட்டவன்!"

"அப்படி இல்லப்பா. முடிவ என்னைக் கேக்குறார்." மகள் போனை மடியிலேயே கவிழ்த்தாள். "வந்து நின்னா தொறக்கறதா, வேணாமான்னு எனக்கே தெரியல."

"இதுல தெரிய என்ன இருக்கு?" ஸ்க்ரூவை மூச்சைப் பிடித்து முறுக்கினார். "நட்டாத்துல விட்டுட்டுப் போனவனுக்கு ரோசமுள்ள எந்தப் பொம்பள கதவத் தொறப்பா?"

மனைவி மடித்த துணியைக் கீழே வைத்தாள். அன்று முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"உங்களுக்கு நான் தொறக்கலியா?"