கடலை ஆகாத உடம்பு

"அத்தை, சத்தமாப் பேசாதீங்க. சித்தி இன்னும் தூங்கலை."

போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டு, போனை வாயோடு ஒட்டிக்கொண்டாள் அந்தப் பத்தாம் வகுப்புப் பெண்.

"என்னடி ஆச்சு? அப்பாவுக்கு மறுபடியும் முடியலையா?"

"அப்பா ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து நல்லாத் தூங்குறாரு. எனக்குத்தான் பயமா இருக்கு. சித்தி அப்பாவைக் கொல்லப் போறாங்க, அத்தை."

அத்தைக்குத் தூக்கம் பறந்தது. பள்ளிக்கூட வாத்தியாரான தன் தம்பிக்கு இரண்டாவது கல்யாணத்தை முன்னால் நின்று முடித்து வைத்தவளே அவள்தான். தம்பிக்கு வேர்க்கடலை ஆகாது. ஒரு பருப்பு பட்டால் போதும், உதடு உப்பித் தொண்டை அடைத்துக்கொள்ளும். இந்த வருஷம் மட்டும் இது மூன்றாவது தடவை.

"டிபன் பாக்ஸ்ல கலந்துட்டாளா? படுபாவி!"

"நானும் அப்படித்தான் நினைச்சேன். பாக்ஸைக் கையோட டாக்டர்கிட்ட கொண்டுபோய்க் குடுத்தேன். அப்பா அதைத் திறக்கவே இல்லையாம்."

"பின்னே எதனால வந்துச்சாம்?"

"உடம்புக்குள்ள ஒரு வாட்ச்மேன் இருக்கானாம். சிவனேன்னு வர்ற கடலையைத் திருடன்னு நினைச்சு, அடிக்கிறேன் பேர்வழின்னு வீட்டையே நொறுக்கிடுவானாம். அதுதான் அலர்ஜியாம். துளி போதுமாம். சாப்பிடணும்னுகூட இல்லையாம்."

"சாப்பிடாம எப்படிடி உள்ள போகும்?"

அவள் போர்வையை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

"கடலை சாப்பிட்டவங்க முத்தம் குடுத்தாக்கூட வருமாம். 'இனிமே நீங்களும் கடலையைத் தொடாதீங்கம்மா'ன்னு டாக்டர் சித்தியைப் பார்த்துச் சிரிச்சாரு."

"அவ என்ன சொன்னா?"

"'நான் தொடறதே இல்லையே'ன்னாங்க. சொல்லிட்டுத் திரும்பிப் பார்த்தாங்க. அப்பாவை ஆட்டோவுல கூட்டிட்டு வந்த கணக்கு டீச்சர் அழுதுக்கிட்டு நின்னாங்க. கையில பாதி தின்ன கடலைப் பொட்டலம்."

அத்தை தலையில் அடித்துக்கொண்ட சத்தம் போனில் தெளிவாகக் கேட்டது.

"உங்கப்பன் கடலை திங்கலைடி. கடலை போட்டிருக்கான்!"

"ம்."

"அந்த வாட்ச்மேன் மாதிரி நாமளும் தப்பான ஆளைப் பிடிச்சுட்டோமே. பாவம்டி உங்க சித்தி. அவ மேல ஒரு தப்பும் இல்லை. இனிமே என்ன பயம்? பேசாமத் தூங்கு."

"எப்படித் தூங்குறது?" என்றவள், குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டாள்.

"சித்தி சமையல்கட்டுல வேர்க்கடலை வறுத்துட்டு இருக்காங்க, அத்தை."