எல்லாவற்றுக்கும் ஐந்து

“அஞ்சு,” என்றார் மூதாட்டி ஹிசாயோ. இது ஒன்பதாவது கேள்வி. முந்தைய எட்டுக்கும் அவர் சொன்ன பதில் அதுதான்.

எதிரே மண்டியிட்டு உட்கார்ந்திருந்த மினோபே முகம் மலர்ந்து தாளில் ஐந்துக்கு ஐந்து என்று வட்டமிட்டாள். முதியவர்களை வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் நிறுவனத்தில் அவள் புதிய மேற்பார்வையாளர். அனுப்பிய ஆள் எப்படி நடந்துகொள்கிறாள் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை முதியவரைத் தனியாக வைத்துக் கேட்க வேண்டும் என்பது நகராட்சி விதி. அதற்காகவே இந்த வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்த தொகுடாவை டோஃபு வாங்கக் கடைக்கு அனுப்பிவிட்டிருந்தாள்.

மினோபே பத்தாவது கேள்வியை வாசித்தாள். குளிப்பாட்டும்போது கனிவாக நடந்துகொள்கிறாரா?

ஹிசாயோ கிமோனோவின் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். “அதுக்கும் அஞ்சு.”

மினோபே பேனாவைக் கீழே வைத்தாள். “ஹிசாயோ சான், இங்க நாம ரெண்டு பேர்தான் இருக்கோம். மனசுல ஏதாவது இருந்தா சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்.”

சொல்லிவிட்டு அவருடைய சில்லிட்ட கைகளை எடுத்துத் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்துத் தேய்த்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே யோனாகோ நகரத்தின் மேல் பனி விழுந்துகொண்டிருந்தது. இப்படி யாராவது தன் கையைப் பிடித்து எவ்வளவு நாளாயிற்று என்று ஹிசாயோ நினைத்தார். மனதுக்குள் புத்தரின் பெயரைச் சொல்லிக்கொண்டார்.

ஆனால் சென்ற கோடையில் ஒருமுறை சொல்லிப் பார்த்தாயிற்று. அப்போது வேறொரு மேற்பார்வையாளர் வந்திருந்தார். அழைப்பு மணியைத் தொகுடா அலமாரி உச்சியில் வைத்துவிடுவதை, விழுங்குவதற்குள் அடுத்த கரண்டிக் கஞ்சியைத் திணிப்பதை, தலை வாரும்போதே ‘சாகறதுக்குக்கூடச் சோம்பலா?’ என்று காதோரம் கேட்பதை, எல்லாவற்றையும் ஹிசாயோ சொல்லிவிட்டார். மதிப்பெண் ஒன்று என்றார்.

மாற்றி அனுப்ப நிறுவனத்தில் ஆள் இல்லை. முதியோரிடம் அன்பு காட்டுவது எப்படி என்று தொகுடாவுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் அவள் சான்றிதழோடு வந்து நின்றாள். அன்றைக்குக் குளியல் தண்ணீர் கொதித்தது.

“போட்டுக் குடுத்தியே, இப்ப சுகமா இருக்கா?” என்று தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

தொகுடாவுக்கு முன்னால் ஓதாகி என்று ஒருத்தி இருந்தாள். தங்கமான கை. அவளுக்கு ஹிசாயோ மனசாரப் பத்துக் கேள்விக்கும் ஐந்து கொடுத்தார். ஒரே மாதத்தில், புதியவர்களுக்குப் பாடம் நடத்த அவளைத் தலைமை அலுவலகத்துக்கு அழைத்துக்கொண்டார்கள். அவ்வளவு நல்லவளை ஒரே வீட்டில் விட்டுவைக்க முடியாது என்றார்கள்.

குளிர்காலம் முழுக்கப் படுக்கையில் கிடந்தபடி ஹிசாயோ இந்த இரண்டையும் சேர்த்து யோசித்தார். குறை சொன்னால் திரும்பி வருகிறாள். புகழ்ந்தால் கொண்டுபோய்விடுகிறார்கள். பாடம் நடத்துகிற இடத்தில் கட்டிலில் கிடப்பது துணிப்பொம்மைதான். அதற்கு வலிக்காது.

அதனால் கடைசியாக ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். “என் கூடப்பிறந்தவகூட இப்படிப் பாத்துக்க மாட்டா.”

மினோபேயின் கண்கள் கலங்கின. வீட்டில் வைத்திருந்த குறிப்பேட்டைப் புரட்டினாள். தொகுடாவின் முத்து முத்தான கையெழுத்தில் ஒவ்வொரு நாளும் இருந்தது: இன்று கஞ்சி முழுவதும் சாப்பிட்டார். சிரித்தார்.

அவள் குறிப்பேட்டை மூடிவிட்டுப் பாயில் நெற்றி படக் குனிந்தாள். தொகுடாவை இந்த வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளப் போவதாகவும், திங்கட்கிழமை முதல் ஓதாகி பழக்கிய புதுப் பெண் வருவாள் என்றும், பிடுங்கிக்கொண்டு போவதற்கு மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னாள்.

ஹிசாயோவுக்கு நெஞ்சு துள்ளியது. அதை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டார்.

“பாடம் நடத்தத்தானே கூட்டிட்டுப் போறீங்க?”

மினோபே இல்லை என்று தலையசைத்தாள்.

“எங்க அம்மாவுக்கு. புத்தாண்டு அன்னிக்கு மூளையில அடைப்பு வந்து பேச்சே போயிடுச்சு. ஒரு குறைன்னா வாய்விட்டுச் சொல்லக்கூட முடியாது அவங்களால. அதான், இன்னிக்குப் பத்துக்கும் அஞ்சு வாங்கினா அவளை எனக்குத்தான் தரணும்னு ஆபீஸ்ல கெஞ்சிக் கேட்டு வச்சிருக்கேன்.”

ஹிசாயோ நிமிர்ந்து பார்த்தார். மினோபே இன்னும் தரையில் கையூன்றி, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மனம் வைத்து விட்டுக்கொடுக்க வேண்டுமே என்ற தவிப்பு அந்த முகத்தில் இருந்தது.

கீழே படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. தொகுடா ஏறி வந்துகொண்டிருந்தாள்.

ஒரு சொல் போதும். அதைச் சொன்னால் மறுபடி இரண்டு நாள் பயிற்சி, மறுபடி இதே வீடு. சொல்லாவிட்டால் திங்கட்கிழமை முதல், பேச முடியாத யாரோ ஒருத்தி.

கதவுக்கு வெளியே தொகுடா பனியை உதறினாள்.

ஹிசாயோ கை நீட்டி மினோபேயின் தோளை மெல்லத் தட்டிக்கொடுத்தார்.

“உங்க அம்மா குடுத்து வச்சவங்க.”