நாக்கைக் கழற்றிய மணி

கடற்கரையோரம் ஒரு சின்ன மாதாகோவில். அதன் மணிக்கூண்டில் இரண்டு மணிகள். கப்பலேறி வந்த பெரிய மணி பூசைக்கும் திருநாளுக்கும் அடிக்கும். சின்ன மணி சாவுக்கு மட்டும்தான்.

ஒருநாள் காலையில் திடீரென்று கடல் கறுத்துவிட்டது. மீன்பிடிக்கப் போன ஏழு வள்ளங்கள் கடலுக்குள்ளே கிடந்தன. மணியடிக்கும் கோயில்பிள்ளை தஸ்நேவிஸ் ஓடிவந்து பெரிய மணிக் கயிற்றை இழுத்தார். கீறல் விழுந்த மணியல்லவா, சட்டியைத் தட்டினமாதிரிதான் சத்தம் வந்தது.

"அண்ணே, உம்ம சத்தம் அலையைத் தாண்டல. என்னை அடிக்கட்டும்" என்றது சின்ன மணி.

"ஒருத்தரும் சாகாம ஒன் கயித்த அவரு தொடுவாரா? நீ வாயத் திறந்தா ஊரே அழும்லே."

"அழட்டும். சாவுமணி கேட்டா வலைய அறுத்துப் போட்டுட்டாவது திரும்பிருவாங்கல்லா?"

பெரிய மணி அடுத்த இழுப்பில் தன் நாக்கைத் தானே கழற்றிக் கீழே போட்டது. தஸ்நேவிஸ் பதறிப்போய்ச் சின்ன மணிக் கயிற்றைப் பிடித்தார்.

ஏழு வள்ளமும் கரையேறிய பிறகுதான் பனை உயரத்துக்கு அலை எழுந்தது.

"யாருவே செத்தது?" என்று நனைந்தபடி ஓடிவந்தார்கள்.

"ஒருத்தருமில்ல" என்றார் தஸ்நேவிஸ்.

"சரியாத்தான் சொல்லுதாரா அண்ணே?" என்று கேட்டது சின்ன மணி.

பக்கத்திலிருந்து பதில் வரவில்லை.