மங்கள வார்த்தை

அந்த அம்மாவின் வலது கை பைக்குள்ளேயே இருந்தது. போன ஞாயிறும் அப்படித்தான் வந்து, இதே கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றா. ஆனால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

சீமோன் வாசல் பக்கம் நகர்ந்தால் அவவும் கொஞ்சம் நகர்ந்தா. அவன் ஜன்னலடிக்குப் போனால் அவவும் மற்றப் பக்கம் விலகினா. காவலுக்கு நிற்பவன் எங்கே நிற்கிறான் என்று கண்ணாடியில் நோட்டம் பார்ப்பது களவெடுக்க வருகிற ஆட்களின் வேலை என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

ரொறன்ரோ நூதனசாலையொன்றின் சின்ன அறை அது. பெட்டிக்குள் ஒரேயொரு தாள். ஐந்நூறு வருஷத்துக்கு முதல் இத்தாலியில் தோலில் எழுதிய செபப் புத்தகமொன்றில் மிஞ்சியது. பொன்னும் நீலமுமாய்த் தீட்டிய படத்தில் மாதா முழந்தாளில் இருந்தா, முன்னால் சிறகு விரித்த சம்மனசு, தேவதூதர்.

அந்தத் தாளுக்கு ஏதும் நடந்தால் சீமோனின் வேலை போய்விடும். வேலை போனால் சுபாங்கி வீட்டில் போய்ப் பெண் கேட்கிற கதையும் அதோடு முடிந்தது. வேதக்காரப் பெடியன் என்றாலே அந்தச் சைவ வீட்டில் வெடிக்கும், வேலையும் நிரந்தரமாகட்டும் என்று அவனைப் பற்றி அவள் இன்னும் வாயே திறக்கவில்லை.

வோக்கிடோக்கியில் கூப்பிடக் கை போனது. நெற்றியில் பொட்டும் குளிர்கோட்டுக்குக் கீழே சேலையுமாய் நிற்கிற மனுசியைப் பிடித்துக் கொடுக்க மனம் வரவில்லை. கிட்டப் போனான்.

"அன்ரி, தமிழோ?"

அவ திடுக்கிட்டுத் திரும்பினா. "ஓம் தம்பி. மல்வேர்னிலை இருந்து வாறன்."

"குறை நினைக்காதேங்கோ. உந்தப் பையை ஒருக்காத் திறந்து காட்டுறியளோ?"

கையை வெளியே எடுத்துப் பையைத் திறந்தா. உள்ளே ஒரு பிளாஸ்ரிக் பெட்டி மட்டும்தான் இருந்தது.

"பயித்தம் பணியாரம். ஒராளுக்குக் குடுக்கிறதோ விடுறதோ எண்டு யோசிச்சுக்கொண்டு நிக்கிறன்."

சீமோனுக்கு முகம் சுட்டது. சந்தேகப்பட்டதை மறைக்க, கேளாமலே படத்தை விளங்கப்படுத்தத் தொடங்கினான்.

"இது மங்கள வார்த்தை, அன்ரி. சம்மனசு வந்து மாதாவுக்குச் சொல்லுறார், பயப்பிடாதையும், கடவுள் உம்மைத் தெரிஞ்செடுத்திட்டார் எண்டு. அவவின்ர முகத்தைப் பாருங்கோ. பயமும் இருக்கு, சந்தோஷமும் இருக்கு."

அவ படத்தைப் பார்க்கவில்லை. அவன் சட்டையில் குத்தியிருந்த பெயரை மெல்ல எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, நிமிர்ந்து கேட்டா.

"உந்தப் படத்திலை இருக்கிற பிள்ளைக்குத் தாய் இல்லையோ?"

"இருந்தவ. மாதாவின்ர அம்மா அன்னம்மாள்."

"பெத்தவவுக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையோ?"

சீமோன் சிரித்துவிட்டான். இத்தனை நாளில் ஒருத்தரும் அதைக் கேட்டதில்லை. "அது படத்திலை இல்லை, அன்ரி."

"உங்களைப் பற்றி எனக்கும் ஒருத்தரும் சொல்லேல்லை, தம்பி. நானாத்தான் அறிஞ்சு வந்தனான்."

பணியாரப் பெட்டியை எடுத்து அவன் கையில் வைத்தா.

"நான் சுபாங்கியின்ர அம்மா."